சீட்டுக்குப் பின்னால ஒரு மேடை

எறங்க மாட்டேன்ணே. கோவிச்சுக்காதீங்க. நீங்க பாட்டுக்கு ஒங்க வேலையப் பாருங்க, நான் இப்பிடியே ஒக்காந்திருக்கேன். தோட்டத்துத் தொர ஒங்ககிட்ட என்ன சொல்லி அனுப்புனாருன்னு எனக்கும் தெரியும். மொதல்ல இந்த மேடைய கழட்டி ஆபீஸ் வாசல்ல போடணும். அப்பறம் லொறிய எடுத்துக்கிட்டு கடுகண்ணாவ பொலிசுக்குப் போயி சார்ஜன கூட்டியாரணும். சரிதானே? அதுல ஒரே ஒரு சங்கடம் இருக்கு. மேடைய கழட்டணும்னா நான் எறங்கணும். லொறிய எடுக்கணும்னாலும் நான்தான் எறங்கணும். இந்த லொறி முன்னால கம்பியப் போட்டு சுத்துனாத்தான் உசுரு வரும், தானா கெளம்பாது. அந்தக் கம்பி நான் ஒக்காந்திருக்கிற இந்த மூடிக்கு கீழதான் கெடக்குது.

நானா? நேத்து வரைக்கும் இந்த லொறிய ஓட்டுனாரே ராஜலிங்கம், அவரு சம்சாரம். அழகம்மா. ஒங்க பேரு என்னங்க? மூக்கையாவா. எந்தப் பக்கம்? அம்பிட்டியவா. பஸ் ஓட்டுனீங்களா அங்க. அப்ப மல ரோட்டப் பத்தி ஒங்களுக்கு நான் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல.

அவரா? லயத்து வீட்டுல படுத்திருக்காரு. காய்ச்ச மாதிரி இருக்குன்னு போர்வய இழுத்து மூடிக்கிட்டாரு. விடுங்க, அவரு எதுக்கு இப்ப. நான்தான் இருக்கேனே.

என்னய புடிச்சு இழுத்து எறக்குற ஆளு மாதிரி நீங்க தெரியல. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். இந்தக் கொட்டகைக்கு பின்னால பன்னெண்டு பொம்பளைங்க புல்லு வெட்டுறாங்க. நான் ஒரு கொரலு குடுத்தா போதும். எல்லாரு கையிலயும் கத்தி இருக்கு. பெரிய கங்காணி மேமலைக்குப் போயிட்டாரு, பகலுக்குத்தான் வருவாரு. தொரகிட்டப் போயி சொல்லணும்னா போங்க. பங்களாவுக்கு எரநூறு படி ஏறணும். வேலைக்கு வந்த மொத நாளு, ஒரு பொம்பள எறங்க மாட்டேங்குறா தொரன்னு போயி நில்லுங்க. அவரு ஒங்கள ஒரு பார்வ பாப்பாரு பாருங்க. அந்தப் பார்வய நான் பாத்திருக்கேன். வேண்டாம்ணே, ஒக்காருங்க. அந்தக் காலிப் பொட்டியக் கவுத்துப் போட்டுக்கிட்டு ஒக்காருங்க. பீடி குடிக்கணும்னா குடிங்க, எனக்கு ஒண்ணுமில்ல.

இல்லண்ணே, அந்த போல்ட்ட தொடாதீங்க. அது சீட்டோட சேத்து மாட்டியிருக்கு. அத மொதல்ல கழட்டுனா டிரைவரு சீட்டு பின்னால சாஞ்சிரும், அப்பறம் நீங்க படுத்துக்கிட்டுத்தான் லொறி ஓட்டணும். எத மொதல்ல கழட்டணும் எத கடைசியா கழட்டணும்னு எனக்குத் தெரியும். சொல்றேன். அதுக்கு முன்னால இது எப்பிடி வந்துச்சுன்னு கேட்டுக்கங்க. ஒரு பொருள ஒடைக்கப் போற ஆளு, அது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டாவது ஒடைக்கட்டும்.

இந்த லொறி கொழும்புல இருந்து வந்தப்ப முன்னால ரெண்டு சீட்டு. சீட்டுக்குப் பின்னால சும்மா ஒரு பள்ளம். அதுக்குப் பின்னால தேயில பொட்டி அடுக்குவாங்க. எறக்கத்துல பிரேக்கப் போட்டா அம்புட்டுப் பொட்டியும் வழுக்கிக்கிட்டு வந்து எங்க வீட்டுக்காரரு முதுகுல இடிக்கும். ஜாக்கி, சங்கிலி, கயிறு, தண்ணி டின்னு எல்லாம் காலடியில உருண்டுக்கிட்டு கெடக்கும். ஒரு தடவ கடுகண்ணாவ எறக்கத்துல தண்ணி டின்னு உருண்டுபோயி பிரேக்குக்கு அடியில மாட்டிக்கிச்சு. இவரு லொறிய மலப்பக்கமா சாச்சு, மண்ணுல ஒரசி நிறுத்தியிருக்காரு. அந்தப் பக்கம் சாச்சிருந்தா, பள்ளத்துல தேடித்தான் எடுத்திருக்கணும்.

அதுக்கப்பறந்தான் தொரகிட்ட கேட்டாரு. சீட்டுக்குப் பின்னால ஒரு மேடை அடிச்சிக்கிறேன் தொர, சாமானெல்லாம் அதுக்குள்ள போட்டு மூடிரலாம், பொட்டியும் முன்னால வராதுன்னு. தொர ஒண்ணும் மாட்டேன்னு சொல்லல. மூணாம் நம்பர் மல ஓடைக்கரையில ஒரு பலா மரம் காத்துல விழுந்து கெடந்துச்சு. கையில வச்சிருந்த பெரம்பால அதத் தட்டிக் காமிச்சு, இத எடுத்துக்கோன்னாரு. கணக்கப்புள்ள பக்கத்துலயேதான் நின்னாரு. இன்னைக்கு அவருகிட்ட கேட்டா, அப்பிடி ஒண்ணும் என் காதுல விழலயேங்குறாரு.

ஆமாண்ணே, அந்த மரம்தான். திருடுன மரம்னு இன்னைக்கு சொல்றாரே, அதே மரம்.

அத அறுத்து, காய வச்சு, இழைச்சு, ரெண்டு மாசம் ஆச்சு. கடுகண்ணாவயில ஹாஷிம் பாஸ்னு ஒரு தச்சரு இருக்காரு. அலுமாரி, கதிரை எல்லாம் அடிக்கிறவரு. அவருதான் உளியும் இழைப்புளியும் குடுத்து அளவு போட்டுக் காமிச்சாரு. நல்ல மனுசன். இவரு லொறியோட அகலம் மொத்தத்துக்கும் பலக வேணும்னு சொன்னப்ப, ஹாஷிம் பாஸ் சிரிச்சிருக்காரு. ஏன்ப்பா, ஒரு ஜாக்கிய வைக்கவா இம்புட்டு நீளம், பாதி போதுமேன்னு. இவரு இல்ல பாஸ், இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் வேணும்னாராம்.

கீழ பாருங்க, மூணு அறை. இதுல கம்பியும் ஜாக்கியும். நடுவுல கயிறு, சங்கிலி. அந்தக் கடைசியில தண்ணி டின்னும் லாம்பும். மூடிக்கு கீலு எல்லாம் தேயில ஸ்டோர் மிஷின்ல அறுந்துபோன பெல்ட்டுத் தோலு. கீச்சுனு ஒரு சத்தம் வராது, தூக்கிப் பாருங்க. ஓ, நான் ஒக்காந்திருக்கேன்ல. அந்தக் கோடி மூடியத் தூக்கிப் பாருங்க. பாத்தீங்களா? காலு நாலுக்கும் அடியில பழைய டியூப்ப வெட்டி மடிச்சு வச்சிருக்காரு. ரோடு குலுக்குனாலும் மேல குலுக்கல் தெரியாது. ஓரமெல்லாம் தடவிப் பாருங்க. ஒரு சிலாம்பு ஏறாது கையில.

தொரகூட கேட்டாரு. ராஜலிங்கம், சாமான் வைக்கிற பொட்டிக்கு எதுக்கு இம்புட்டு வழவழப்புன்னு. லாம்புக் கண்ணாடி ஒடையாம இருக்கத் தொரன்னாரு இவரு. தொரைக்கு ரொம்ப சந்தோசம். கெட்டிக்காரன்னு சொல்லிட்டுப் போனாரு.

நான் மட்டும் அத நம்பல. வீட்டுல கேட்டேன், ஜாக்கிக்கு எதுக்குங்க இம்புட்டு எடம்னு. ஞாயித்துக்கெழம, யாரும் இல்லாத நேரமாப் பாத்து இந்தக் கொட்டகைக்கு என்னக் கூட்டியாந்தாரு. இதுல ஏறிப் படுன்னாரு. படுத்தேன். காலு நீட்டுன்னாரு. நீட்டுனேன். எங்கயும் முட்டல. சரின்னு சொல்லிட்டு அவரு பாட்டுக்கு வெளிய போயி நின்னுக்கிட்டாரு. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு.

எங்களுக்கு ஒரே பொண்ணுண்ணே. பூங்காவனம். மொதப் புள்ளைக்கு எங்ககிட்ட வந்திருந்தா. புள்ள பொறந்து எறந்துபோச்சு, அவளுக்கு ரெத்தம் நிக்கல. அன்னைக்கு இதே லொறியிலதான் கண்டிக்கு கொண்டு போனோம். எங்க படுக்க வைக்கிறது? தேயில பொட்டிக்கு மேல சாக்க விரிச்சு, அதுல போட்டு, நானும் அவ புருசனும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சுக்கிட்டோம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அம்மான்னுவா. இவரு மெதுவா போனா நேரமாகுது, வேகமா போனா குலுக்குது. மெதுவா போங்கன்னு நான் கத்துறேன், சீக்கிரம் போங்கன்னும் நானேதான் கத்துறேன். பேராதென பாலத்துக்கிட்ட வர்றப்ப அம்மாங்குறது நின்னுபோச்சு. பாலத்தத் தாண்டுனப்பறந்தான் இவரு லொறிய நிறுத்துனாரு. திரும்பிப் பாக்கல. ஸ்டேரிங்கப் புடிச்சுக்கிட்டு ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

அவ செத்து நாலு மாசத்துலதான் இந்த மரத்துல கை வச்சாரு.

தண்ணி வேணுமாண்ணே? அந்த டின்னுலதான் இருக்கு, எடுத்துக் குடிங்க. காலையில நான்தான் நெறச்சேன்.

அப்பறம் பாருங்க, என்னய விட்டா இந்த மேடையில மொத மொதல்ல படுத்தது யாருன்னு நெனைக்கிறீங்க? தொரையோட நாயி. செவலக் கலரு, வேட்ட நாயி. அதுக்கு கால்ல சிரங்கு. கண்டிக்கு நாய் வைத்தியருகிட்ட வாரா வாரம் போகும். இவருதான் கொண்டு போவாரு. கீழ கம்பளிய விரிச்சு, மேல ஒரு கம்பளியப் போத்தி, தொரசாணியே வந்து படுக்க வச்சிட்டுப் போகும். நாயி சுகமா தூங்கிக்கிட்டே போயி தூங்கிக்கிட்டே வரும். தொர அத அவரு கூட்டாளிக எல்லாருக்கும் கூப்புட்டுக் காமிச்சாரு. என் டிரைவர் செஞ்சது பாருங்கன்னு. போன வருசம் அந்த விசக் காய்ச்ச வந்து ஊரு ஊரா ஆளு விழுந்தப்ப, கண்டியில இருந்து மருந்துப் போத்தல்கள கொண்டாந்ததும் இதுக்குள்ளதான். ஒரு போத்தல் ஒடையல. அப்பவும் நல்ல மேடதான்.

காய்ச்ச நேரத்துல இவரு ரகசியமா ஆளுகளையும் ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கிட்டுப் போனாரு. மறைக்க மாட்டேன். தேயிலய ஸ்டேசன்ல எறக்கிட்டு, வர்ற வழியில, போற வழியில. சொரணையில்லாம கெடந்த கெழவங்க, நிக்க முடியாத பொம்பளைங்க. படுக்க வச்சு, பக்கத்துல படுதாவ எறக்கி விட்டுருவாரு. தொரைக்குத் தெரியாது. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தாரோ என்னமோ, அத நான் சொல்ல முடியாது.

நல்லம்மா விசயத்துலதான் எல்லாம் வெளிய வந்துச்சு. லயத்துல எங்க காம்பராவுக்கு எதுத்த காம்பரா. புருசன் நடராஜா, கவாத்து வெட்டுறவரு. அவளுக்கு வலி வந்து ரெண்டு நாளாச்சு, புள்ள வரல. குறுக்கால கெடக்கு, என் கையில ஒண்ணுமில்லன்னு மருத்துவச்சி எந்திரிச்சுட்டா. தோட்டத்து மருந்துக்காரய்யாகிட்ட ஓடுனோம். அவரு வந்து பாத்தாரு, இது கண்டிக்குத்தான் போகணும்னாரு. சரி போகலாம்னா, லொறிக்கு தொர கையெழுத்துப் போட்ட துண்டுக் காயிதம் வேணும்னாரு. தொர எங்கன்னா, பக்கத்துத் தோட்டத்துல பந்து அடிக்கப் போயிருக்காரு. எப்ப வருவாரு? சாயங்காலம்.

அன்னைக்கு லொறி நெறைய தேயில. பகல் கூட்ஸ் வண்டிய புடிக்கணும், கடுகண்ணாவயில. மழ வேற. இவரு லொறிய ஸ்டோர்ல இருந்து எடுத்தாரு, நேரா லயத்துக்கு முன்னால கொண்டாந்து நிறுத்துனாரு. எறங்கக்கூட இல்ல. எஞ்சினு ஓடிக்கிட்டே இருக்கு. நடராஜாவப் பாத்து, தூக்கிக்கிட்டு வாப்பான்னாரு. அம்புட்டுத்தான் பேசுனது.

நான் முன் சீட்டுல பின்னால திரும்பி மண்டி போட்டுக்கிட்டேன். இந்தா, இப்ப நான் ஒக்காந்திருக்கனே, இங்கதான் அவ தல. என் ரெண்டு கையும் அவ தோள்ல. நடராஜா பொட்டிக்கு மேல குனிஞ்சுக்கிட்டு அவ காலப் புடிச்சுக்கிட்டாரு. பெரிய ரோட்டுக்கு வந்தா ஒரு பக்கம் ஸ்டேசன், ஒரு பக்கம் கண்டி. நான் அவரு மூஞ்சியப் பாக்குறேன். ஒரு எமைப்பொழுது யோசிச்சிருந்தாக்கூட நான் கண்டிருப்பேன். யோசிக்கல. கண்டிப் பக்கம் ஒடிச்சாரு. தொரையோட தேயில மொத்தமும் எங்களோட கண்டிக்கு வந்துச்சு.

பேராதென பாலத்த தாண்டுறப்ப நான் கண்ண மூடிக்கிட்டேன். எக்கா, என்னா ஆச்சு, ஏன் அழுவுறன்னு அவ கேக்குறா என்னய. அந்த வலியில கெடக்குறவ. பேசுறாளேன்னு எனக்கு அம்புட்டு சந்தோசம். நீ பேசிக்கிட்டே வாடி, நிறுத்தாதன்னேன்.

பொழச்சுட்டாண்ணே. ஆஸ்பத்திரியில கொண்டுபோன ஒடனே வயித்த கீறி எடுத்தாங்க. பொம்பளப் புள்ள. அர மணி நேரம் பிந்தியிருந்தா ரெண்டு உசுரும் இல்லன்னு டாக்டர் ஐயா சொன்னாரு. அதயே ஒரு தாள்ல எழுதித் தாங்கன்னு இவரு கேட்டு வாங்கிக்கிட்டாரு. எதுக்குங்க தாளுன்னேன் நான். இருக்கட்டும், கேட்டு வருவாங்கன்னாரு.

வந்தாரு தொர. தேயில கூட்ஸ் வண்டிய விட்டுருச்சு, கொழும்பு ஏலத்துக்குப் போயி சேரல. அந்தக் கோவம் இருக்கத்தான் செய்யும், நான் இல்லங்கல. அவரு கொட்டகைக்கு வந்து லொறிய எட்டிப் பாத்தாரு. பலகையில ரெத்தக் கற இருந்துச்சு, நான் தேங்கா மட்டயப் போட்டு தேச்சும் போகல. கைலேஞ்சிய எடுத்து மூக்கப் பொத்திக்கிட்டாரு. மனுச ரெத்தத்துக்கு மூக்கப் பொத்துறாரு. நாய்ச் சிரங்குக்குப் பொத்தல. அந்த நாயி மயிரு இன்னமும் இந்த இடுக்குல ஒட்டிக்கிட்டிருக்கு, பாருங்க, பொய்யா சொல்றேன்?

அப்பயே நிறுத்தியிருக்கலாம் வேலைய. நிறுத்தல. வேற டிரைவரு கெடைக்கணும்ல. இருவத்திரெண்டு நாளு இவரையே ஓட்ட விட்டாரு. நீங்க வர்றீங்கன்னு நிச்சயமானப்பறம் நேத்து காலப் பெரட்டுல, வேலைக்கு பேரு குடுக்க நின்ன அத்தன பேருக்கும் முன்னால நிக்க வச்சாரு. தோட்டத்து மரத்த திருடி லொறியில அடிச்சவன், லொறிய திருடி கண்டிக்கு ஓட்டுனவன்னு. ஒரு தாளையும் நீட்டுனாரு. நான் செஞ்சது தப்பு, இனிமே லொறியில ஆள ஏத்த மாட்டேன், மேடய நானே ஒடைச்சுப் போடுறேன்னு அதுல எழுதியிருக்காம். கணக்கப்புள்ள வாசிச்சாரு. கையெழுத்துப் போட்டா வேலயும் இருக்கும், கேசும் இல்ல. போடலன்னா நாளைக்கு பொலிஸ்.

இவரு கணக்கப்புள்ள கையில இருந்து பேனாவ வாங்குனாரு. எனக்கு ஒரே பயம், போட்டுருவாரோன்னு. ஆமாண்ணே, போடணும்னு இல்ல, போட்டுருவாரோன்னுதான். பேனாவ மூடுனாரு. கணக்கப்புள்ள சட்டப் பையில சொருகி விட்டாரு. நான் செஞ்சது தப்பில்ல தொர, நாளைக்கும் செய்வேன்னாரு. சத்தமாக்கூட சொல்லல. பெரட்டுக் களத்துல எரநூறு பேரு நிக்கிறோம், கடைசியில நின்ன கெழவி வரைக்கும் கேட்டுச்சு.

மரியாதையா மன்னிப்புக் கேட்டிருக்கலாம்ங்குறீங்களா? ஒங்க மேல வருத்தமில்லண்ணே. நீங்களும் புள்ளகுட்டிக்காரரு. ஆனா ஒண்ணு கேக்குறேன். நாளைக்கு லயத்துல ஒருத்தி வந்து ஒங்க லொறிக்கு முன்னால நிப்பா. கட்டாயம் நிப்பா, இந்தத் தோட்டத்துல புள்ள பெறாத மாசம் கெடையாது. அன்னைக்கு இந்த மேட இல்லன்னா அவள எங்க படுக்க வைப்பீங்க? தேயில பொட்டி மேலயா? சொல்லுங்க. பதில் வேணாம், யோசிச்சு வைங்க.

கேட்டுச்சாண்ணே? அதுதான், தூரத்துல. கூட்ஸ் வண்டி இல்ல, கூட்ஸு சத்தம் வேற. அது கண்டிக்குப் போற ரயிலு. கடுகண்ணாவய விட்டு கெளம்பிருச்சு. நல்லது.

இப்ப எறங்குறேன். இந்தாங்க கம்பி. அந்த போல்ட்டையும் நீங்க எப்பிடி வேணும்னாலும் கழட்டலாம். சீட்டெல்லாம் சாயாது, நான் சும்மா சொன்னேன். மொத்தமே நாலு போல்ட்டுதான், ஸ்பானர் இருந்தா கா மணி நேரத்துல முடிஞ்சிரும்.

அவரு லயத்துல இல்லண்ணே. இன்னைக்கு காலப் பெரட்டு கலஞ்சதுமே அந்த ரயிலுக்கு கெளம்பிட்டாரு. நல்லம்மாவும் நடராஜாவும் புள்ளயத் தூக்கிக்கிட்டு கூடப் போயிருக்காங்க. வயித்துல தையல் ஆறாத பொம்பள, வேகமா நடக்க முடியாது. தேயிலைக்குள்ள குறுக்கு வழி இருக்கு, ஆனா ஸ்டேசனுக்கு முன்னால அர மைலு பெரிய ரோட்டுலதான் போயாகணும். நீங்க வந்த ஒடனே லொறிய எடுத்திருந்தா அந்த எடத்துல வச்சுப் புடிச்சிருப்பீங்க. ஒங்களப் புடிக்கச் சொல்லலதான். ஆனா திரும்பி வர்றப்ப பக்கத்துல சார்ஜன் இருப்பாருல்ல.

கண்டியில இந்தியா ஏஜெண்டு ஆபீஸ் இருக்கு, தோட்டத்து ஆளுக கொறய கேக்க இந்தியா சர்க்காரு வச்சது. அங்கதான் போறாங்க. டாக்டரு எழுதுன தாளு இவரு பையில இருக்கு. நல்லம்மாவ நிக்க வச்சு, புள்ளய மேசையில கெடத்தி, இதத்தான்யா நான் திருடுனேன்னு சொல்லப் போறாரு. என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதுண்ணே. ஒண்ணும் நடக்காமயும் போகலாம். ஆனா மொதல்ல பேசுறது நாங்களா இருக்கணும்.

தொர கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லுங்க. அழகம்மா எறங்க மாட்டேன்னு ஒக்காந்துக்கிட்டான்னு சொல்லுங்க. ஒங்க பொழப்புல மண்ணு விழ வேணாம். நானா? நான் எங்க ஓடப் போறேன். எனக்கு கொழுந்து எடுக்கணும், இன்னைக்கு அர நாள் சம்பளத்துக்குக்கூட பேரு போட மாட்டாங்க, பரவால்ல. சார்ஜன் வந்து எங்கன்னு கேட்டா, ஆறாம் நம்பர் மலையில நிக்கிறேன்னு சொல்லுங்க. ஏறி வரட்டும்.